ரெகார்டு துடைக்கிற தண்ணி

ஸ்பிரிட் வாங்கப் போனால் மருந்துக் கடைக்காரர் அக்காவை மேலும் கீழும் பார்ப்பார். ஊசி போட்ட இடத்தில் தடவுவதற்கு யாரும் கேன் கேனாக ஸ்பிரிட் வாங்குவதில்லை. அக்கா தொழிலுக்குத்தான் வாங்குகிறாள் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பதும் தெரியும். அந்தத் தெருவில் அது தெரியாதவர்கள் தொட்டிலில் கிடப்பவர்கள் மட்டும்தான்.

"தம்பி வந்துட்டானாமே?"

"வந்துட்டான். முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடறான், தூங்கறான்."

"சந்தோஷம். அப்போ இந்தக் கேனை எங்கே வைக்கப் போறே?"

அக்கா பையை விரித்துப் பிடித்தாள்.

"சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதேம்மா. இது குடிக்கிற சரக்கு இல்லை. அவன் ஈரல் இருக்கிற லட்சணத்துக்கு ரெண்டு டம்ளர் உள்ளே போனாப் போதும், நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதையா ஆயிடப் போகுது."

"ஆகாது" என்று சொல்லிவிட்டு அக்கா மழையில் இறங்கி நடந்தாள். நேராக வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்க் கேனைக் கொடுத்து, துணி வைக்கும் அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னாள்.

"வச்சுக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கு டீயைத் தவிர வேற எதுவும் தொண்டையில இறங்காது" என்றாள் தையல்காரம்மா. "ஆனா ஸ்பிரிட் இல்லாம நீ எப்படி வேலை பார்ப்பே?"

கேட்கவேண்டிய கேள்விதான். அக்காவின் வேலையே ஸ்பிரிட்டில்தான் இருந்தது. தெருமுனையில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் செத்தவர் வீடு, காலி செய்கிற வீடு, வெள்ளம் புகுந்த வீடு என்று எங்கெங்கிருந்தோ பெட்டி பெட்டியாக ரெகார்டுகளை வாங்கி வருவார். அவை வரும் கோலத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பூஞ்சை, சிகரெட் கறை, கைவிரல் எண்ணெய், பல்லி எச்சம். அதையெல்லாம் எடுத்து, ஊசி வைத்தால் பாட்டு மட்டும் கேட்கிற நிலைக்குக் கொண்டுவருவது அக்காவின் பொறுப்பு. புருஷன் போன பிறகு கையில் எடுத்த வேலை. அந்த வேலைதான் அவளைக் கைவிடாமல் வைத்திருந்தது.

துடைக்கிற தண்ணியை அவளே கலந்துகொள்வாள். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் மூன்று பங்கு, ஸ்பிரிட் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டே சொட்டு. குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு காய்ந்து வரிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, பாட்டு நெடுகக் கடுகு தாளிக்கும். சோப்புக் கூடினால் பிசுக்கு நிற்கும். பூஞ்சையைக் கொல்வதும் சட்டென்று காயவைப்பதும் ஸ்பிரிட்தான். ஆனால் அரக்கில் செய்த பழங்காலத்துக் கனத்த ரெகார்டுகளுக்கு மட்டும் அது ஆகாது. ஒரு துளி பட்டாலும் மேல்பூச்சு கரைந்து, பளபளப்புச் செத்து, பாட்டும் கூடவே போய்விடும். அவற்றுக்கு ஸ்பிரிட் கலக்காத தண்ணியைத் தனிப் பாட்டிலில் வைத்திருந்தாள்.

இந்தத் தொழிலில் தம்பி அவளுக்கு முன்னோடி. அந்தக் கடையில் ரெகார்டு பாடவைக்கும் பெட்டிகளுக்கு ஊசி மாட்டிக்கொடுப்பவனாக இருந்தான். தலைமுடியில் பாதி கனம்கூட இல்லாத கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் மாட்டுவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். அவனை ஊசி என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். பிறகு குடி வந்தது. கை நடுங்கத் தொடங்கியது. நடுங்குகிற கைக்கு ஊசி எதற்கு? வேலை போயிற்று. ஒருநாள் முழு போதையில் மாடிப்படியிலிருந்து பின்மண்டை அடிபட உருண்டான். உயிர் தப்பியது, மூக்கு போயிற்று. மூக்கு முகத்திலேயேதான் இருந்தது, வாசனைதான் போயிற்று. சோறு அடிப்பிடித்துக் கரியானாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பான். பெண்டாட்டி மகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு போனாள். அவனைக் குடி மறக்கவைக்கும் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்காதான்.

விடுதியிலிருந்து கூட்டிவரும்போது அங்கிருந்த பெரியவர் ஒன்று சொன்னார்: "நம்புங்க. நம்பறோம்னு அவருக்குத் தெரியணும். அதுதான் மருந்து."

அக்கா அதை அப்படியே கேட்டுக்கொண்டாள். ஆனால் நம்புவதற்குக் கேன் நிறைய ஸ்பிரிட்டை வீட்டில் வைக்கவேண்டியிருந்ததே. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. காலியான பழைய ஸ்பிரிட் கேன் ஒன்று, மண்டையோடு படம் ஒட்டியது, வீட்டில் கிடந்தது. அதில் பேட்டரித் தண்ணீரை நிரப்பிச் சோப்பைச் சொட்டு விட்டு மூடி, வேலை மேசையின் மேல் நடுநாயகமாக வைத்தாள். மோந்து பார்த்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். தம்பிக்குத்தான் வாசனை தெரியாதே. ஸ்பிரிட் பட்டால் கை ஜில்லென்று இருக்கும், தண்ணீர் அப்படி இருக்காது என்பது நினைவுக்கு வந்ததும், தோல் வெந்துவிடும் என்று சொல்லி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாள். தட்டு காய நேரமானால் பழி போட மழை இருந்தது. தம்பியை நம்புவது போலவும் இருக்கவேண்டும், நம்பாமலும் இருக்கவேண்டும். அக்காமார்களுக்கு இது கைவந்த கலை.

தம்பி கேனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "இதை என் முன்னாடியே வைக்கறியா?"

"வேற எங்கேடா வைக்கறது? நீதானே இனிமே துடைக்கப் போறே."

அவன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அக்காவுக்கு ஒரு நிமிடம் நெஞ்சு குறுகுறுத்தது. நல்லதுக்குத்தானே என்று தேற்றிக்கொண்டாள்.

வேலை இப்படிப் போயிற்று. காலையில் கஞ்சி குடித்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். தட்டின் நடுவில் இருக்கும் காகித வட்டம் நனையாமலிருக்க அதன் மேல் ஒரு டப்பா மூடியை வைத்து அழுத்திக்கொண்டு, தம்பி தண்ணியை ஊற்றி, மெல்லிய மயிர்த் தூரிகையால் வரியோடு வரியாக வட்டமடித்துத் தேய்ப்பான். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பிறகு பழைய பனியன் துணியால் ஒற்றியெடுத்துத் தட்டு அடுக்கும் கம்பிச் சட்டத்தில் நிறுத்துவான். எதற்கும் மசியாத அழுக்குத் தட்டுகளுக்கு அக்கா தச்சர் பசையை ஊற்றிப் பரப்பிக் காயவிடுவாள். காய்ந்ததும் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் அழுக்கோடு தோல் போல உரிந்து வரும். ஓரிடத்தில் அறுந்துவிட்டால் அந்தத் துண்டை நோண்டி எடுப்பதற்குள் பிராணன் போய்விடும். தம்பி உரித்தால் அறுகாது. கை அவ்வளவு நிதானத்துக்கு வந்திருந்தது.

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவன் தூங்குவான். அந்த நேரம் பார்த்து அக்கா பூஞ்சைத் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்கு ஓடி, அசல் தண்ணியால் இன்னொரு முறை துடைத்து எடுத்துவருவாள். ஒரே தட்டுக்கு இரண்டு வேலை. இடுப்பு ஒடிந்தது.

"அவன்கிட்ட சொல்லிடேன், கேன்ல தண்ணிதான் இருக்குன்னு" என்றாள் தையல்காரம்மா.

"சொன்னா உடைஞ்சு போயிடுவான். நான் நம்பறேன்னு நினைச்சுக்கிட்டு நல்லா இருக்கான். இருக்கட்டுமே."

ஒருநாள் தம்பி பெண்டாட்டி போனில் பேசினாள். அவள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்காரு அண்ணி?"

"நீயே வந்து பாரேன். பழைய ஆளா ஆயிட்டான்."

"பழைய ஆளைத்தான் நான் விட்டுட்டு வந்தேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "குத்திப் பேசாதேம்மா. சத்தியமா மாறிட்டான்."

"எத்தனை தடவை ஒளிச்சு வச்சிருப்பேன் தெரியுமா அண்ணி? செண்ட் பாட்டிலைக்கூட அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சேன். ஒளிக்க ஒளிக்க அவர் தேடுவாரு. தேடுறவருக்கும் ஒளிக்கிறவளுக்கும் நடுவுல என்ன குடித்தனம்? கண்ணு முன்னாடி இருந்தும் தொடாம இருக்காருன்னா சொல்லுங்க. நாளைக்கே பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

அந்த இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தம்பி குடும்பம் சேரவேண்டும் என்ற ஆசை வாயைத் திறந்துவிட்டது.

"கண்ணு முன்னாடிதான் இருக்கு. கேன் நிறைய ஸ்பிரிட்டை வச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்குறான். திறக்கறான், ஊத்தறான், மூடறான். வாய்ப்பக்கம் போனது கிடையாது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணி. நான் வர்றேன். முதல்ல நான் மட்டும் வந்து பாக்குறேன்."

போனை வைத்த பிறகுதான் அக்காவுக்குச் செய்தது உறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் யோசிக்க யோசிக்க, சொன்னதில் பொய்யே இல்லை என்று தோன்றியது. அவன் அதை ஸ்பிரிட் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறான்? நினைத்தும் தொடவில்லையே? அது போதாதா? இப்படி வழக்காடித் தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வாரம் ரெகார்டுக் கடைக்காரரே குடையும் பெட்டியுமாக வந்தார். வெள்ளம் புகுந்த வீட்டுச் சரக்கு. நனைந்த அட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அக்கா டீ போடப் போனாள். தம்பி பெட்டியிலிருந்து ஒரு தட்டை உருவி நடுவில் மூடியை வைத்து, மண்டையோட்டுக் கேனிலிருந்து ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தான்.

"அடப்பாவி!" என்று கடைக்காரர் அலறினார். "டேய் ஊசி! அது அரக்கு ரெகார்டுடா! ஸ்பிரிட்டை ஊத்தறியே!"

அக்கா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தட்டு கறுகறுவென்று மின்னிக்கொண்டு கிடந்தது. மங்கவில்லை, கரையவில்லை. அவளுக்குப் பயம் தட்டைப் பற்றியதல்ல. குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்றுதான். தட்டைப் பிடுங்கித் துணியால் ஒற்றிக்கொண்டே, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை. காலையில நான்தான் ஞாபக மறதியா அரக்குத் தண்ணியை இந்தக் கேன்ல ஊத்தி வச்சுட்டேன்."

"நல்ல ஞாபக மறதி. உன் மறதி என் ரெகார்டைக் காப்பாத்திச்சு" என்று கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு தம்பியின் கையைப் பார்த்தார். "கை நின்னுடுச்சேடா. ஊசி மேசை காலியாத்தான் கிடக்கு. உன் பொண்டாட்டி வந்து சேரட்டும். மறுநாளே வந்து உட்காரு."

தம்பி அவருக்குத் தலையாட்டினான். அக்காவைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா" என்றான். தப்பித்தோம் பிழைத்தோம் என்று அக்கா சிந்திய டீயைத் துடைக்கப் போனாள்.

பெண்டாட்டி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அவ வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எதுவா இருந்தாலும் அவகிட்டயே சொல்லுடா. முடி காடு மாதிரி வளர்ந்து கிடக்கு. போய் வெட்டிக்கிட்டு வா, கடை சாத்திடப் போறான்."

அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மழை விடவில்லை. தம்பி பெண்டாட்டி ஒரு பெட்டியும், கடையிலிருந்து கொண்டுவந்த ரொட்டியுமாக வந்தாள். பெட்டியைக் கண்டதும் அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. தங்குகிற எண்ணமில்லாதவள் பெட்டியோடு வருவாளா?

"பொண்ணு புத்தகப் பையைக் கட்டி வச்சுட்டு உட்கார்ந்திருக்கா. எப்போ போகலாம்னு உசிரை வாங்கறா" என்றாள்.

தம்பி சிரித்தான். கையுறையை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். தான் வேலை செய்வதை அவள் பார்க்கவேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அவளும் ரொட்டியை மடியில் வைத்தபடி பார்த்தாள். ஊற்றுகிற கை ஆடவில்லை. தூரிகை ஒரே சீராக வட்டமடித்தது. அவள் முகம் மெல்ல மெல்ல இளகிக்கொண்டு வந்ததை அக்கா கண்ணாரக் கண்டாள். இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைத்த நேரத்தில் அவள் எழுந்து மேசைக்குப் போய், கேனை எடுத்து, மூடியைத் திறந்தாள்.

சந்தேகப்பட்டு இல்லை. குடிகாரன் பெண்டாட்டிக்கு எதையும் திறந்து மோந்து பார்ப்பது கைப்பழக்கம். தண்ணீர்ச் சொம்பைக்கூட மோந்துதான் குடிப்பாள்.

"அண்ணி."

"என்னம்மா?"

"இதுல ஸ்பிரிட் இல்லை."

அத்தனை நாளாக அக்கா மனசுக்குள் நடத்திய வழக்கு கைகொடுத்தது.

"ஆமாம்மா. மறைக்கலை. சோப்புத் தண்ணிதான். முதல் நாள்லேர்ந்து தண்ணிதான். பயத்துல நான்தான் மாத்தி வச்சேன். ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாரு. அது இவனுக்குத் தெரியாது! வாசம் தெரியாத மனுஷன். கையில உறை வேற. ஸ்பிரிட்டுன்னு நம்பிக்கிட்டுத்தானே இத்தனை நாள் பக்கத்துல உட்கார்ந்திருந்தான்? கேனுக்குள்ள எது இருந்தா என்ன? இவன் மனசுக்குள்ள ஸ்பிரிட்தானே இருந்துச்சு? அதைத்தானே தொடலை?"

தன் வாழ்நாளில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசியதில்லை என்று அவளுக்கே பட்டது. தம்பி திகைத்துப்போவான், கோபப்படுவான், பிறகு புரிந்துகொள்வான் என்று அவன் பக்கம் திரும்பினாள்.

தம்பி திகைக்கவில்லை. கையிலிருந்த தட்டைச் சுற்று முடியும்வரை ஒற்றியெடுத்து, கம்பிச் சட்டத்தில் நிறுத்தி, கையுறையை விரல் விரலாகக் கழற்றினான். அவன் முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை. மூக்குச் செத்தவனுக்கு, கையில் உறை போட்டவனுக்கு, அது தண்ணி என்று எப்படித் தெரியும்?

அவன் பெண்டாட்டியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த அரக்கு ரெகார்டு!" என்று அக்கா பாய்ந்து குறுக்கே விழுந்தாள். "அன்னைக்கு இந்தக் கேன் தண்ணியால துடைச்சியே, ஒண்ணுமே ஆகலையே, அதை வச்சுத்தானே கண்டுபிடிச்சே? சொல்லுடா. அதுலதானே தெரிஞ்சுது?"

கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுகிற மாதிரிதான் கேட்டாள். பிடித்துக்கொண்டு ஏறிவந்தால் போதும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தம்பி கயிற்றையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான்.

"இல்லக்கா. தண்ணின்னு தெரிஞ்சதாலதான் அதை இதால துடைச்சேன்."

அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"வந்த வாரமே" என்றான். "அக்கா கடைக்குப் போயிருந்தது. மூடியில ஊத்திக் குடிச்சேன். பத்தலை. கேனைத் தூக்கிக் குடிச்சேன். பாதிக் கேன். நுரை நுரையா வாந்தி வந்தது. கழுவி விட்டுட்டு, குறைஞ்சதுக்குப் பேட்டரித் தண்ணியை ஊத்தி வச்சுட்டு உட்கார்ந்தேன். அப்புறம் குடிக்கலை. குடிக்கறதுக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

அவள் ரொட்டிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வழிந்தது.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா உண்மையைச் சொல்லியிருக்கீங்க" என்றாள். "இதுக்காகவே இருந்துடலாமான்னு தோணுது. ஆனா பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர எனக்குத் தைரியம் வரலை."

"வேண்டாம்" என்றான் தம்பி. "கூட்டிக்கிட்டு வராதே. எனக்கே தைரியமில்லை."

அவள் பெட்டியை எடுத்தாள். வாசலுக்குப் போனவள் அக்காவிடம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கூடப் பிறந்தவங்க நீங்க. நீங்களே அவரை நம்பாம அசலை மறைச்சு வச்சுட்டீங்க. என்னை மட்டும் நம்பிக்கிட்டு வான்னு கூப்பிட்டீங்களே அண்ணி."

தம்பி பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுத்தாள். இருவரும் ஒரே குடையில் பேருந்து நிற்கும் இடம்வரை போனதை அக்கா சன்னலில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் திரும்பி வந்தபோது தலையும் தோளும் நனைந்திருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உன் குடியை நான்தான் கெடுத்துவிட்டேன், அந்தப் பெரியவர் அத்தனை சொல்லியும் கேட்காமல் போனேன் என்று என்னவெல்லாமோ புலம்பினாள்.

"நான் உன்னை நம்பியிருக்கணும்டா. கூடப் பிறந்தவளா இருந்துக்கிட்டு நம்பாம போயிட்டேனே."

தம்பி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான். அடிக்கிற கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அழாதக்கா" என்றான். "நீ மட்டும் நம்பியிருந்தேன்னா நான் அன்னைக்கே செத்திருப்பேன்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது.